மெட்டு ஏறும் ஜீப்பில் பிரஷர்காரர்கள்

நெருங்கி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேருக்கு எடம் வேணும். ஜீப் ஓட்டுறவனுக்கு முதல் பாடம், கடைசிப் பாடம் ரெண்டும் அதுதான்: வண்டி நெறஞ்சுபோச்சுன்னு ஒரு நாளும் சொல்லக்கூடாது, ஆளுக சரியா நெருங்கலைன்னுதான் சொல்லணும்.

காமயகவுண்டன்பட்டியில கோழி கூப்புடுறப்ப ஹாரன் அடிச்சு, பொம்பளையாளுகளை ஏத்தி, கம்பம் தாண்டி, கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவெல்லாம் ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துல கொண்டு போய் விடுறது என் வேலை. பொழுது சாயத் திரும்பக் கூட்டிட்டு வரணும். காய் எடுக்கப் போறவுக, களை வெட்டப் போறவுக, மருந்தடிக்கத் தண்ணி சுமக்கப் போறவுகன்னு அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னாலதான் பேசிக்கிட்டு வருவாக. முன்கண்ணாடி ரோட்டைக் காட்டும், பின்னால கேக்குற பேச்சு ஊரைக் காட்டும். கொஞ்ச வருசமா அந்தப் பேச்சுல மாமியாளையும் நாத்தனாளையும் தள்ளிட்டு பிரஷர் வந்து சீட்டு போட்டு உக்காந்திருக்கு. எனக்கும் அது உண்டு. மாத்திரையை விழுங்கிட்டு இதைப் படிக்கிற கூட்டாளிகளே, விழுங்காம மடியில முடிஞ்சுகிட்டுப் படிக்கிற கூட்டாளிகளே, ரெண்டு கட்சியும் என் வண்டியில வந்திருக்கீக. அதுல ஒருத்தியைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவும்.

திரும்புன ஜீப்

அவ பேரு பவுனுத்தாய். முன் சீட்டுல எனக்குப் பக்கத்துல உக்கார்றவ. ஆள் சேக்குறது அவ பொறுப்பு. இன்னைக்கு எந்தத் தோட்டம், யாரு வாராக, யாரு வீட்டுல விசேசம்னு எல்லாம் அவ நாக்கு நுனியில இருக்கும். என்னை அண்ணேன்னு கூப்புடுறதுனால அவ வீட்டுக்காரர் சின்னச்சாமி எனக்கு மாப்ளே. ஊர்ல ஒரு பெரிய திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுறவரு. ஆத்துப் பக்கத்துக் கெணத்துல இருந்து பந்தல் வரைக்கும் பூமிக்குள்ள குழாய் எங்கன போகுது, எங்கன திரும்புதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. மோட்டார் சத்தம் லேசா மாறுனாப் போதும், எந்த வரிசையில குழாய் ஒழுகுதுன்னு காதுலயே கண்டுபிடிச்சிருவாரு.

ஒரு நாள் காலையில மெட்டு அடிவாரத்துக்கு வந்துட்டோம், பவுனுத்தாய் போன் அடிச்சுச்சு. தோட்டத்துல மாப்ளே கையில இருந்த டீ கிளாசு தானா நழுவிருச்சாம், வாய் ஒரு பக்கம் கோணிருச்சாம், பேசுறது விளங்கலையாம். நான் அங்கனயே வண்டியைத் திருப்புனேன். பின்னால இருந்த ஒருத்திகூட இன்னைக்குக் கூலி போச்சேன்னு முனகல. தோட்டத்துல அத்தனை பேரும் குதிச்சு எறங்கி, அவரைத் தூக்கி சீட்டுல கிடத்தி, தலையை மடியில தாங்கி ஆஸ்பத்திரியில கொண்டு போய்ச் சேத்தாக. நேரத்துக்கு வந்தது நல்லதாப் போச்சுன்னு அங்க சொன்னாக. எத்தனையோ வருசம் மெட்டு ஏறியிருக்கேன், ஏறாமத் திரும்புன அந்த ஒரு நாளைத்தான் இன்னமும் பெருமையா நெனச்சுக்குவேன்.

உசிரு நின்னுச்சு. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புச்சு. இடது கையும் காலும் மட்டும் வரல. அவருக்குப் பிரஷர் இருந்தது ஏற்கெனவே தெரியும், மாத்திரையும் கொடுத்திருந்தாக. ஒரு தடவை அளந்தப்ப சரியா இருக்குன்னு சொல்லவும், இனி இது எதுக்குன்னு நிப்பாட்டியிருக்காரு மனுசன். வாய் தெளிஞ்சப்ப என்னைக் கூப்புட்டுச் சொன்னாரு: "ஊர்க் குழாயையெல்லாம் தட்டித் தட்டிப் பாத்தேன் மச்சான், என் குழாயைத் தட்டிப் பாக்கல."

சத்தம் போடாத மோட்டார்

கம்பத்துல எங்களுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தவுக இருக்காக. கோபம் வராது, அவசரம் கிடையாது, கேட்டதுக்கு மறுபடி மறுபடி சொல்லுவாக. மாப்ளையை அங்கன தூக்கிட்டுப் போனப்ப, அவரு செஞ்ச வேலை என்னன்னு கேட்டுக்கிட்டு, "அப்ப குழாய்க் கணக்குலயே பேசுவோம்"னாக.

நெஞ்சுக்குள்ள இருக்கிறது மோட்டாராம், ரத்தக்குழாய்தான் பைப்பாம். புதுசுல பைப்பு ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்கும். வயசு ஆக ஆக விறைச்சுக்கும். புகையிலை, கவலை, தூக்கமில்லாதது, உடம்புல கூடுற சதை, தாய் தகப்பன் வழி, இதெல்லாம் சேந்து குழாயை இன்னும் இறுக்கும். உப்பு கூடுனா அது தண்ணியை உடம்புக்குள்ள பிடிச்சு வச்சுக்கும். "ஒரே பைப்புல தண்ணி கூடுனா என்னாகும்?"னு டாக்டரம்மா கேக்க, கட்டில்ல கிடந்த மாப்ளே, "அழுத்தம் கூடும். மோட்டார் மூச்சு முட்டும். எங்கன பைப்பு இளைச்சிருக்கோ அங்கன வெடிக்கும், இல்லாட்டி அடைக்கும்"னு பரீட்சையில பாஸான மாதிரி சொன்னாரு. "உங்களுக்கு அது தலையில நடந்திருக்கு. சில பேருக்கு நெஞ்சுல நடக்கும், சில பேருக்குக் கிட்னியில"னாக.

மாத்திரையையும் அதே கணக்குல வச்சுச் சொன்னாக. ஒரு மாத்திரை குழாயைத் தளர்த்தி விடும். ஒண்ணு கூடுதல் உப்பையும் தண்ணியையும் மூத்திரத்துல வெளிய தள்ளும். ஒண்ணு, குழாயை இறுக்கச் சொல்லி உடம்புக்குள்ள போற தகவலை நடுவுல மறிச்சிரும். ஒண்ணு மோட்டார் வேகத்தைக் குறைக்கும். யாருக்கு எதுன்னு ஆளைப் பாத்துத்தான் கொடுப்பாக, பக்கத்து வீட்டு மாத்திரை நமக்காகாது. எதுவா இருந்தாலும் பிரஷரைப் பிடிச்சு வைக்குமே தவிர, வேரோட பிடுங்கிப் போடாது. எனக்கு அது சட்டுனு விளங்கிருச்சு. மெட்டு எறங்குறப்ப கியர்ல பிடிச்சுத்தான் எறங்குறோம். வண்டி மெதுவாத்தான போகுது, கியர் எதுக்குன்னு நியூட்ரல் போட்டா அடுத்த வளைவு ஏது?

மாப்ளைக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரல. "மோட்டார் கெடுறதுக்கு முன்னால சத்தம் மாறுமே தாயி. எனக்குள்ள ஒரு சத்தமும் கேக்கலையே?" டாக்டரம்மா அவரு நல்ல கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாக: "இது சத்தம் போடாமக் கெடுற மோட்டாருங்கய்யா, அதனாலதான் கையில பட்டையைக் கட்டி அளந்து பாக்குறோம்."

கூட வந்தவ

அன்னைக்கே டாக்டரம்மா பவுனுத்தாய் பக்கம் திரும்பி, "நீங்களும் கையை நீட்டுங்க"னாக. அவ சிரிச்சா. "எனக்கெதுக்குத் தாயி? நேத்துக்கூடப் பச்சைக்காய் மூட்டையைத் தலையில வச்சு மேடேறினேன்." பட்டையைக் கட்டுனாக. கூடுதலா இருந்துச்சு. புருசனைத் தூக்கிட்டு வந்த படபடப்பா இருக்கும்னு சும்மா உக்கார வச்சு மறுபடி பாத்தாக. வேற ஒரு நாளும் வரச் சொல்லிப் பாத்தாக. அப்பவும் கூடுதல்தான். தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, ஒண்ணுமே செய்யலையேன்னு இவ வாதாட, "உங்க வீட்டுக்காரரும் இதைத்தான சொன்னாரு?"ன்னு கேட்டாக. ரெண்டு வித மாத்திரை எழுதிக் கொடுத்தாக. வெத்தலையோட போடுற புகையிலையை விடச் சொன்னாக, சோத்துல உப்பைக் குறைக்கச் சொன்னாக.

மாப்ளையையும் ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்தோம். ஊருக்குள்ள நுழையுறப்ப, பின்னால புருசன் காதுல விழாம பவுனுத்தாய் மெதுவாச் சொன்னா: "அவரை உக்கார வைக்க, குளிப்பாட்ட, வாசலுக்குக் கொண்டு வர என் தோளுதாண்ணே இருக்கு. மக திருப்பூர்ல பிழைக்குது. இந்தத் தோளும் சாஞ்சா எங்க வீட்டுல ரெண்டு கட்டில் கிடக்கும், தூக்கிவிட ஆளு கிடைக்காது."

கிளச் பழுது

நடுவுல என் கதையும் ஒண்ணு. டாக்டரம்மா எனக்குக் குழாயைத் தளர்த்துற மாத்திரை கொடுத்திருந்தாக. கொஞ்ச நாள்ல ரெண்டு கணுக்காலும் பன்னு மாதிரி வீங்கிருச்சு. மெட்டுல நாள் பூரா கிளச்சு மிதிக்கிறேன், கிளச்சு இறுகிப் போச்சுன்னு மெக்கானிக்கைப் பிடிச்சுச் சண்டை போட்டு, வயரு, பிளேட்டு, ஸ்பிரிங்குன்னு ஒவ்வொண்ணா மாத்தச் சொன்னேன். கிளச்சு வெண்ணெயா ஆயிருச்சு, காலு வீக்கம் வத்தல. வலது காலு கிளச்சே மிதிக்கலையே, அது ஏன் வீங்குச்சுன்னு கேட்டது பவுனுத்தாய்தான். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போனேன். இந்த மாத்திரையில சில பேருக்குக் கணுக்கால் வீங்குறது உண்டுன்னு சொல்லிட்டு, சிரிப்பை அடக்க முடியாம முடிச்சாக: "வண்டியைப் பிரிச்சது போதும்ணே, மாத்திரையை மாத்திருவோம்."

உப்பில்லாத கொழம்பு

மலைமேல குளிருல நின்னு காய் எடுக்குறவுகளுக்கு மத்தியானச் சோறுதான் சொர்க்கம். தூக்குச்சட்டியில சோறு, ஒரு கொழம்பு, அதுக்குத் தொட்டுக்க என்ன இருக்குங்கிறதுலதான் போட்டியே. பவுனுத்தாய் உப்புக் குறைச்ச கொழம்பு கொண்டு வர ஆரம்பிச்சதும், அவளுக்குத் தோழி ஈஸ்வரியும் குறைச்சா. ஈஸ்வரியும் பிரஷர்காரிதான், வாய் மட்டும் அதைவிடக் கூடுதல். மறு மாசம் ஈஸ்வரிக்கு அளந்தா கொஞ்சங்கூடக் குறையல. "நான் உப்பையே தொடல"ன்னு சாமி மேல சத்தியம் பண்ணுறா.

பவுனுத்தாய் சத்தியத்தை நம்பல, வண்டியிலயே அவ தூக்குச்சட்டியைத் திறந்து பாத்தா. கொழம்பு சப்புனுதான் இருந்துச்சு. மூடியில சுட்ட கருவாடு நாலு, எலுமிச்சை ஊறுகா ஒரு கை, மோர்மிளகா ஒரு கொத்து. "ஏண்டி ஈஸ்வரி, இது என்ன?" "அதுல நான் உப்பு போடலையேக்கா, வாங்குறப்பவே அப்படித்தான் இருந்துச்சு." ஜீப்பே குலுங்கிச் சிரிச்சுச்சு. பவுனுத்தாய் மட்டும் சிரிக்கல. அடுத்த நாளு பச்சைத் தக்காளியும் பூண்டும் சுட்டுப் புளி விட்டுப் பெசஞ்சு ஒரு துவையல் கொண்டு வந்து, சுத்தி இருந்தவுகளுக்கெல்லாம் ஒவ்வொரு உருண்டை வச்சா. புளிப்பும் காரமும் நாக்கை இழுத்துச்சு, உப்பு குறைஞ்சதை யாரும் தேடல. ஈஸ்வரி விரலை நக்கிக்கிட்டே ஒத்துக்கிட்டா: "கருவாடு மாதிரி இல்லக்கா, ஆனா கருவாட்டை நெனைக்க விடல."

பின்சீட்டு இருமல்

மரியபுஷ்பம்னு ஒரு பிள்ளை, மாதா கோயில்ல பாட்டுப் பாடுறவ. குரல் தேன் மாதிரி இருக்கும், மெட்டுல பனி அப்புற நேரத்துல அவ பாட்டுலதான் எனக்கு ரோடே தெரியும். திடீர்னு அவளுக்கு இருமல் வந்துச்சு. சளி இல்ல, காய்ச்சல் இல்ல, வறட்டு இருமல், பேச வாயெடுத்தா கொக்கு கொக்குன்னு வரும். பக்கத்துல இருந்தவுக முந்தானையால மூக்கை மூடுனாக. பெறகு அவளைக் கடைசியில, படிக்கட்டு ஓரமாத் தள்ளுனாக. துளசி, சித்தரத்தை, மிளகுக் கசாயம், மருந்துக்கடைப் பாட்டில், ஜெபம், எதுக்கும் அசையல. அந்தப் பிள்ளை பாட்டை விட்டுச்சு. வேலைக்கு வர்றதையும் விட்டுரலாம்னு இருந்துச்சு.

ஒரு நாள் பவுனுத்தாய் முன் சீட்டை விட்டு எறங்கிப் பின்னால போயி, அவ பக்கத்துல ஒட்டி உக்காந்துகிட்டா. "எப்ப ஆரம்பிச்சுச்சு புஷ்பம்?" "பாஸ்குத் திருநாள் முடிஞ்சு அக்கா." "அப்ப புதுசா என்ன தின்ன?" "ஒண்ணும் தின்னல. பிரஷர் மாத்திரை மட்டுந்தான் புதுசு." என் கணுக்கால் கதை அவ மனசுல இருந்திருக்கு. மாத்திரையை நிப்பாட்டிருவோமான்னு புஷ்பம் கேக்க, "ஒங்க சின்னச்சாமி அண்ணன் நிப்பாட்டிட்டுத்தான் கட்டில்ல கிடக்காரு. நிப்பாட்டாத, போயிக் கேப்போம்"னு கையோட கூட்டிட்டுப் போனா. தகவலை மறிக்கிற மாத்திரையில ஒரு வகை சில பேருக்கு இப்படி இருமலைக் கொண்டு வருமாம். டாக்டரம்மா அதே வேலையைச் செய்யுற வேற வகைக்கு மாத்திக் கொடுத்தாக. சில வாரத்துல இருமல் போன எடம் தெரியல. புஷ்பம் மறுபடி பாட ஆரம்பிச்ச அன்னைக்கு, மூக்கை மூடுன அத்தனை பேரும் கையைத் தட்டுனாக. புஷ்பம் பாட்டை நிப்பாட்டிட்டுக் கேட்டா: "இப்பவாவது என்னைய நடுச்சீட்டுக்கு விடுவீகளா, இல்ல படிக்கட்டுல இருந்தே பாடவா?"

சேட்டன் கடைப் பூட்டு

இத்தனை பேருக்கு வழி சொன்ன பவுனுத்தாய்க்கே பிரஷர் எறங்கல. ஒவ்வொரு தடவை அளக்கிறப்பவும் டாக்டரம்மா முகம் சுருங்குச்சு. கடைசியா, மாத்திரையைக் கூட்டணும்னு சொல்லிப் பேனாவை எடுத்துட்டு, ஒரு நிமிசம் நிறுத்தி, "தினமும் போடுறீகளா?"ன்னு கேட்டாக. பவுனுத்தாய் தரையைப் பாத்துக்கிட்டு, ஒண்ணைத் தினம் போடுறேன், தண்ணி மாத்திரையை வேலைக்குப் போகாத நாள்ல மட்டும் போடுறேன்னா. "அதைப் போட்டா அடுத்தடுத்து ஒண்ணுக்கு வருது தாயி. நெறஞ்ச ஜீப்பு, ஆம்பளை டிரைவரு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நான் எங்கன எறங்குவேன்?" டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாக. அந்தி சாஞ்சு போட்டா ராத்தூக்கம் கெடும், காலையிலதான் நல்லது, முடியவே முடியாதுன்னா வந்து சொல்லுங்க, வேற மாத்திரை யோசிப்போம், ஆனா இப்படி விட்டு விட்டுப் போடாதீகன்னு அனுப்பி வச்சாக.

மறுநாள் வண்டி கெளம்புனதும் பவுனுத்தாய் பின்னால திரும்பி உக்காந்தா. "மறைக்காமச் சொல்லுங்க. தண்ணி மாத்திரையை வேலை நாள்ல முழுங்காதவுக யாரு?" முதல்ல ஈஸ்வரி கை தூக்குனா. அவளைப் பாத்து இன்னொருத்தி. கண்ணாடியில பாக்குறேன், அந்த மாத்திரை வாங்குற அத்தனை பேர் கையும் மேல நிக்குது! மாத்திரை போடாதவுகளும், போற வழியில தண்ணிகூடக் குடிக்கிறதில்லைன்னு தூக்கிட்டாக. கால் வீங்குனப்ப எனக்கு மாத்திக் கொடுத்ததும் அதே மாத்திரைதான், எனக்கு ஒண்ணும் செய்யலையேன்னு வாயைக் கொடுத்துட்டேன். ஈஸ்வரி விடுவாளா? "ஒங்களுக்கென்ன மாமா, வண்டியை ஓரங்கட்டிட்டு மரத்துக்குப் பின்னால போயிருவீக. எங்களுக்கு மரம் என்ன, சேலை கட்டியா நிக்குது?"

மெட்டு உச்சியில ஒரு மலையாளத்துக்காரர் டீக்கடை இருக்கு. சேட்டன்னு கூப்புடுவோம். கடைக்குப் பின்னால அவுக குடும்பத்துக்குன்னு ஒரு கக்கூஸ் உண்டு, எப்பவும் பூட்டித்தான் கிடக்கும். பவுனுத்தாய் அங்கன நிப்பாட்டச் சொன்னா. எல்லாரும் எறங்கிக் கடைக்கு முன்னால வரிசையா நின்னாக. குளிருல பல்லு கிட்டுது, பாய்லர்ல ஆவி பறக்குது, ஒருத்தியும் டீ கேக்கல. பின்னால இன்னொரு ஜீப்பு வந்து நின்னுச்சு. அதுல இருந்தவுகளும் என்னமோ ஏதோன்னு எறங்கி வரிசையில சேந்துக்கிட்டாக. சேட்டன் எட்டிப் பாத்து, "எந்தா சேச்சி, ஆர்க்கும் சாயா வேண்டே?"ன்னாரு.

"வேணும் சேட்டா, எல்லாருக்கும் வேணும். தினமும் வேணும். குடிச்சாப் போறதுக்கு எடம் வேணுமில்ல? அந்தப் பூட்டைத் திறங்க, சாயாவை ஊத்துங்க. அதைக் கழுவி வைக்கிறது எங்க பொறுப்பு, நாளுக்கொருத்தி." சேட்டன் வரிசையைப் பாத்தாரு, பாய்லரைப் பாத்தாரு, உள்ள திரும்பிப் பொஞ்சாதியைப் பாத்தாரு. அந்தம்மா சாவியைக் கொண்டு வந்து பவுனுத்தாய் கையில வச்சிட்டுப் போயிருச்சு. பொம்பளை கஷ்டம் பொம்பளைக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்ல. இப்ப அந்த வழி போற ஜீப்பெல்லாம் அங்கனதான் நிக்குது. சேட்டன் ரெண்டாவது கக்கூஸும் கட்டிட்டாரு. அடுத்த தடவை அளந்தப்ப பவுனுத்தாய்க்குப் பிரஷர் எறங்கியிருந்துச்சு. டாக்டரம்மா ரெண்டு தடவை பாத்தாக, மிஷின் சரிதான். சேதியைச் சேட்டன்கிட்டச் சொன்னப்ப அவரு சாவியைக் காட்டிச் சொன்னாரு: "சேச்சி, இது இனி ஆணியில தொங்கும், கேக்க வேண்டா, எடுத்தாப் போதும்."

சேலைத் துணி

இதோட முடிஞ்சிருந்தா நானும் வண்டியை ஓரங்கட்டியிருப்பேன். கட்டில்ல கிடக்குற மாப்ளே இருக்காரே! தோளு கொடுக்க ஆளு இருந்தும், அவருக்கு வாழ்க்கை வெறுத்துப் போச்சு. பேச்சு வந்த மனுசன் பேசுறதை நிறுத்திட்டாரு. சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. காலையில மாத்திரையைக் கையில வச்சா மூடி வச்சுக்குவாரு, பவுனுத்தாய் வேலைக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில போட்டுருவாரு. ஒரு நாள் கூட்டுறப்ப எல்லாம் வந்துச்சு. அன்னைக்கு வண்டியில அவ என்கிட்ட, "இன்னொரு தடவை வந்தா மனுசன் தாங்க மாட்டாருன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காகண்ணே"ன்னு சொல்லிட்டு, வளைவு எல்லாம் முடியுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே வந்தா.

வீடு வீடா வந்து அளந்து மாத்திரை கொடுக்கிற செல்வின்னு ஒரு பொண்ணு இருக்கு. நல்ல பொண்ணு, அது வர்ற நேரத்துல எங்க ஆளுக வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். அதனால பாதிப் பேருக்கு மாத்திரை தீந்து போயி நடு நடுவுல விட்டுப் போகும். பகல்ல ஆளு இருக்குற வீடு ஒண்ணே ஒண்ணுதான், மாப்ளே கிடக்குற வீடு. பவுனுத்தாய் செல்விகிட்டப் பேசுனா, ஜீப்புல எல்லாருகிட்டயும் பேசுனா. லீவு நாள்ல எல்லாரும் அவ வீட்டுக்கு வந்து அளந்துக்கணும், மாத்திரை பொட்டலம் பேரு எழுதி அங்கனயே இருக்கும், சாயங்காலம் எறங்குறப்ப வாங்கிக்கணும். புருசன்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல. பொட்டலம் எல்லாத்தையும் அவரு நெஞ்சுக்குப் பக்கத்துல கொட்டிட்டு, "இதுல யாருக்கு எதுன்னு நீங்கதான் பாத்துக் குடுக்கணும், எனக்கு அடுப்புல வேலை இருக்கு"ன்னு உள்ள போயிட்டா.

மாப்ளைக்குப் பேரு வாசிக்க வராது. ஆனா தோட்டத்துல ஒரு பழக்கம் வச்சிருந்தாரு. எந்த வால்வு எந்தப் பந்தலுக்குன்னு தெரிய, வால்வுக்கு வால்வு கலர் துணி கட்டி வைப்பாரு. ரெண்டு நாள் பொட்டலத்தை முறைச்சுப் பாத்தவரு, மூணாம் நாளு ஜீப்பு வந்து நின்னதும் உள்ள இருந்து குரல் கொடுத்தாரு. "ஏய், ஆளுக்கொரு பழைய சேலைத் துணி கொண்டாங்க!" லீவு நாள்ல அளக்க வந்த செல்வியைப் பேரு வாசிக்கச் சொல்லி, ஒத்தைக் கையாலயும் பல்லாலயும் ஒவ்வொரு பொட்டலத்துலயும் அவுகவுக சேலைத் துணியைக் கட்டிப்புட்டாரு. ஈஸ்வரிக்கு ரோஸு, புஷ்பத்துக்கு நீலம். அதுக்குப் பெறகு அந்தக் கட்டில் கட்டிலா இல்ல, மோட்டார் ரூமு ஆயிருச்சு. "நேத்து ஏன் வரல? மீதி எத்தனை இருக்கு? எங்க, வாயைத் திற!" ஊர்ல பந்தல் பந்தலாத் தண்ணி விட்ட அதே அதிகாரம்.

ஒரு சாயங்காலம் ஈஸ்வரியைப் பிடிச்சு ஒரு மாத்திரை விட்டதுக்கு வாங்கு வாங்குன்னு வாங்குறாரு. அவ நிதானமாக் கேட்டா: "எல்லாம் சரிண்ணே, இதுல ஒங்க பொட்டலம் எது, அதுல எந்தத் துணி?" மாப்ளே குவியலைத் துழாவிப் பாத்தாரு, காணோம். அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி பவுனுத்தாய் அடுப்படியில இருந்து வந்தா. அவரு துண்டைக் கிழிச்சு அவ பொட்டலத்துல கட்டியிருந்தா, அவ சேலையைக் கிழிச்சு அவரு பொட்டலத்துல கட்டியிருந்தா. தன்னுதை அவரு கையில கொடுத்தா, அவருதைத் தான் வச்சுக்கிட்டா. "இனி ஒங்களுதை நான் தருவேன், என்னுதை நீங்க தரணும். நீங்க முழுங்கினாத்தான் நான் முழுங்குவேன். நான் விழுந்தா ஒங்களைத் தூக்க ஆளு இருக்கான்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க." மாப்ளே அவ முகத்தைப் பாத்தாரு, கையில இருந்த பொட்டலத்தைப் பாத்தாரு. வாயை ஆன்னு திறந்து, அவ போட்ட மாத்திரையை முழுங்கித் தண்ணியும் குடிச்சிட்டு, நல்ல கையை நீட்டிச் சொன்னாரு: "இந்தா, இப்ப நீ வாயைத் திற."

இந்த ஜீப்புக்கு டிரைவர் நான்தான்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்; போன வாரம் பவுனுத்தாய் என் பழைய காக்கிச் சட்டைக் கையைக் கேக்காமலே கிழிச்சுக்கிட்டுப் போயி, மாப்ளே கட்டில்ல என் பேருக்கும் ஒரு பொட்டலம் கட்டி வச்சுட்டா.